தலை ஈத்து நாய், குட்டிங்ககிட்ட படுக்கவே மாட்டேங்குது, யாராச்சும் சொல்லுங்களேன்

செவலை_வீட்டுக்காரி:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க பட்டுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். எங்க நாட்டு நாய் செவலை, ரெண்டு வயசாகுது, இதுதான் தலை ஈத்து. நேத்து விடியக்காலைல குட்டி போட்டுச்சு, மொத்தம் ஆறு, அதுல ஒண்ணு செத்தேதான் வந்துச்சு, மீதி அஞ்சும் உசுரோட இருக்கு. கொல்லைல விறகு அடுக்குற கொட்டாய்ல ஒரு மரப்பெட்டி போட்டு அதுல சாக்கு விரிச்சு விட்டுருக்கோம், ஆனா மழை விட்டபாடில்ல, சாக்கெல்லாம் ஈரவாடை அடிக்குது.

பிரச்சனை என்னன்னா செவலை அஞ்சு நிமிசம் படுக்குது, குட்டிங்க காம்புல வாய வெச்சதும் எந்திரிச்சுருது, நான் அடுப்படிக்கு போனா பின்னாடியே வந்து வாசல்ல நிக்குது. குட்டிங்க ஒரே கத்தல். அதுல ஒண்ணு ரொம்ப சின்னது, கருப்பு, நெத்தில மட்டும் வெள்ளை. மத்ததெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு படுத்து கெடக்கு, இது மட்டும் தனியா ஓரமா கெடக்கு, தொட்டா சில்லுனு இருக்கு, செவலை அத நக்க கூட மாட்டேங்குது. எங்கம்மா மனுச வாடை பட்டா தாய் குட்டிய ஒதுக்கிரும் தொடாதன்னு சொல்றாங்க. மாமியார் பிள்ளை பெத்தவளுக்கு குடுக்குற மாதிரி பூண்டு பால் காச்சி ஊத்துங்குறாங்க. கருப்பு குட்டிக்கு பசும்பால் இங்க் பில்லர்ல குடுக்கலாமான்னு பாக்குறேன். இன்னொன்னு பின்னாடி பச்சையா ஏதோ கசியுது, அது சரிதானா? கட்டெறும்பு வேற வர ஆரம்பிச்சுருச்சு. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நாட்டுநாய்_பிரியன்:

அக்கா மொத வேலை, அந்த கருப்பு குட்டிய இப்பவே எடுத்து சூடு பண்ணுங்க. பால் அப்பறம். இதுலதான் நெறைய பேரு குட்டிய விட்டுர்றாங்க. குட்டி சில்லுனு இருக்கும்போது வயிறு வேலை செய்யாது, ஊத்துன பால் செரிக்காம அப்படியே நிக்கும், இல்லன்னா நெஞ்சுக்கு போயி மூச்சு முட்டும். பொறந்து ரெண்டு வாரம் வரைக்கும் அதுங்களுக்கு சொந்தமா ஒடம்பு சூட்ட காப்பாத்திக்க தெரியாது, தாயும் கூடப்பொறந்ததுங்களும்தான் அதுங்களுக்கு அடுப்பு. தனியா ஒதுங்கி கெடந்தா சூடு போயிருச்சுன்னு அர்த்தம், சூடு போன குட்டிய தாயும் கண்டுக்காது. அம்மா சொல்ற வாடை கதைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, செவலை உங்க கைல வளந்த நாய், உங்க வாடை அதுக்கு தெரியாததா. தெருவுல திரியுற நாய்னா மனுசங்க கிட்ட போனா பயந்து குட்டிய எடம் மாத்தும், அது வேற.

உங்க நெஞ்சோட சட்டைக்குள்ள வெச்சுக்கோங்க, இல்லன்னா பாட்டில்ல வெதுவெதுப்பா தண்ணி ஊத்தி துண்டுல சுத்தி பக்கத்துல வைங்க. அவசரப்பட்டு அடுப்பு பக்கத்துலயோ ஹேர் ட்ரையர்லயோ காட்டாதீங்க, மெதுவா ஒரு மணி நேரத்துக்கு மேல கூட ஆகட்டும். நல்லா சூடாகி தலைய ஆட்டி வாயால தேட ஆரம்பிச்சா அப்ப கொண்டு போயி செவலையோட பின் காம்புல வைங்க, பின்னாடி இருக்குற காம்புலதான் பால் ஜாஸ்தி இருக்கும். மத்த குண்டனுங்கள கொஞ்ச நேரம் தள்ளி வெச்சுட்டு இத மட்டும் விடுங்க. சீம்பால் மொத நாள்ல உள்ள போனாதான் பிரயோஜனம், அதுக்கப்பறம் குடல் அதுல இருக்குற நோய் எதிர்ப்பு சக்திய உள்ள வாங்கிக்காது. நேத்து விடியக்காலைலன்னு சொல்றீங்க, அதனால லேட் பண்ணாதீங்க.

கிரேஸ்_டீச்சர்:

பூண்டு குடுக்காதம்மா, தயவு செஞ்சு. பூண்டு வெங்காயம் ரெண்டுமே நாய்க்கு ரத்தத்துல இருக்குற சிவப்பணுவ ஒடைக்கும், வேக வெச்சாலும் அதே கதைதான். மாமியார் மனசு நோகாம சொல்லணும்னா டாக்டர் பத்தியம் சொல்லிருக்காருன்னு சொல்லிரு, அவங்களும் கேப்பாங்க. கருவாடும் போடாத, உப்பு. மத்தி மீன வேகவெச்சு முள்ள எடுத்துட்டு சோத்துல பெசஞ்சு போடு, முட்டை, கோழிக்கறி, கொஞ்சம் ஈரல், இதெல்லாம் போடலாம். வெறும் தயிர்சாதத்துல அஞ்சு குட்டிக்கு பால் ஊறாது. மூணாவது நாலாவது வாரத்துல அது வழக்கமா திங்குறத விட ரெண்டு மூணு மடங்கு திங்கும், பயந்துராத, நாலஞ்சு வேளையா பிரிச்சு போடு.

அது ஏன் எந்திரிச்சு ஓடுதுன்னா, ஒண்ணு குட்டி பால் குடிக்கும்போது கர்ப்பப்பை சுருங்கும், வலிக்கும், நமக்கும் அப்படித்தானே இருந்துச்சு. இன்னொன்னு அதுக்கு நீ வேணும். தலை ஈத்துல நெறைய நாய்க்கு இது என்னன்னே புரியாது, எங்க வீட்டு பொமரேனியன் மொத குட்டிய பாத்துட்டு பயந்து கட்டிலுக்கு அடில போயிருச்சு. நீ செய்ய வேண்டியது கொட்டாய்ல இருந்து வீட்டுக்குள்ள மாத்துறது. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு அறை, பாதி இருட்டா, உன் பழைய நைட்டி ஒண்ண பெட்டி பக்கத்துல போடு. சாக்கு வேண்டாம், ஈரம் புடிக்கும், நூல் பிரிஞ்சு குட்டி கால்ல மாட்டும். பழைய காட்டன் வேட்டிய மடிச்சு இறுக்கமா விரி, தொளதொளன்னு இருந்தா குட்டி மடிப்புக்குள்ள போயி மூச்சு முட்டிரும். மொத ரெண்டு மூணு நாள் நீ பக்கத்துல ஒக்காந்து தலைய தடவிக்குடு, படுத்து பால் குடுக்க ஆரம்பிச்சதும் சத்தமில்லாம நகந்துரு. அக்கம்பக்கத்து பிள்ளைங்கள எட்டி கூட பாக்க விடாத, யாராச்சும் வந்தா அது குட்டிய வாயில கவ்விக்கிட்டு வீடு பூரா சுத்தும், அதுல நசுங்குனது நெறைய.

தண்ணிய பெட்டிக்கு வெளிய வை, உள்ள வெச்சா குட்டி உருண்டு போயி விழும்.

ஒரத்தநாடு_வெட்னரி_ஸ்டூடன்ட்:

நான் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரில படிக்கிறேன், இன்னும் டாக்டர் ஆகல, அத மனசுல வெச்சுக்கோங்க. பச்சையா கசியுறது நஞ்சுக்கொடில இருக்குற நெறம்தான், அப்பறம் செம்மண் கலர்ல மாறி கொஞ்சம் கொஞ்சமா மூணு நாலு வாரம் வரைக்கும் கூட போகும். நாத்தம் அடிச்சாலோ சீழ் மாதிரி வந்தாலோதான் ஆபத்து. ஆனா ஒண்ணு கேக்கணும், ஆறு குட்டிக்கும் நஞ்சு விழுந்தத பாத்தீங்களா? அது தின்னுருக்கும், அது வழக்கம்தான், ஒரு நாள் வயித்தால போகலாம். எந்திரிச்சு எந்திரிச்சு போயி முக்குதா, வயிறு இன்னும் கெட்டியா இருக்கா? அப்படின்னா உள்ள இன்னொரு குட்டியோ நஞ்சோ தங்கிருக்கலாம், இன்னைக்கே ஆஸ்பத்திரி தூக்கிட்டு போகணும், நாளைக்குன்னு தள்ளாதீங்க.

மெடிக்கல்ல சாதா டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி ஆசனவாய்ல வெச்சு பாருங்க. நாய்க்கு 101ல இருந்து 102.5 பாரன்ஹீட் வரைக்கும் நார்மல், குட்டி போட்ட ஒண்ணு ரெண்டு நாள் லேசா கூட இருக்கலாம். அதுக்கப்பறமும் 103க்கு மேல போயி சோத்த வெறுத்து சுருண்டு படுத்தா விட்டுராதீங்க. பால் மடி ஒவ்வொண்ணையும் தினம் ஒரு தடவ தொட்டு பாருங்க, ஒண்ணு மட்டும் கல்லு மாதிரி, சூடா, செவந்தோ நீலம் பாரிச்சோ இருந்தா மடி நோய்.

இன்னொரு விஷயம், யாராச்சும் கால்சியம் டானிக் குடுக்க சொல்வாங்க. சினையா இருக்கும்போது கால்சியம் ஊத்துனா ஒடம்பு எலும்புல இருந்து தானா எடுத்துக்குற வேலைய சோம்பேறித்தனமா விட்டுரும், அப்பறம் பால் சுரப்பு உச்சத்துக்கு போகும்போது ரத்தத்துல கால்சியம் சரிஞ்சுரும். பெரும்பாலும் மொத நாலு வாரத்துக்குள்ள, பொமரேனியன் மாதிரி சின்ன சைஸ்ல, நெறைய குட்டி போட்டதுக்குதான் வரும், ஆனா எந்த நாய்க்கும் வரலாம். சும்மாவே மூச்சு வாங்கும், ஒரு எடத்துல நிக்காது, பின்னங்கால் வெறைப்பா நடக்கும், ஒடம்பு நடுங்கும், அப்பறம் வலிப்புதான். அந்த நேரத்துல வீட்டு வைத்தியம் எதுவும் கெடையாது, குட்டிய பிரிச்சுட்டு தாய தூக்கிட்டு ஓடணும், டாக்டர் இதயத்துடிப்ப பாத்துக்கிட்டே ஊசில கால்சியம் மெதுவா ஏத்துவாரு. இப்ப செவலை பண்றது அது மாதிரி தெரியல, ஆனா நடுக்கம் இருக்கான்னு கவனிங்க.

பசும்பால் வேண்டாம். நாய்ப்பால்ல புரதமும் கொழுப்பும் பசும்பால விட ரெண்டு மடங்குக்கு மேல, பசும்பால்ல சக்கரை வேற ஜாஸ்தி, குட்டிக்கு வயித்தால போயி ஒரே நாள்ல வத்திரும். தஞ்சாவூர் பட்டுக்கோட்டை பெட் ஷாப்ல குட்டிங்களுக்குன்னு பால் பவுடர் கெடைக்கும். குடுக்கும்போது குட்டிய குழந்தைய மாதிரி மல்லாக்க புடிக்காதீங்க, குப்புற, தாய்கிட்ட குடிக்கிற மாதிரியே இருக்கணும். இங்க் பில்லர்ல பீச்சுனா நுரையீரலுக்கு போயிரும், சின்ன ரப்பர் காம்பு வெச்ச பாட்டில்தான் நல்லது.

பழைய_காலத்து_ஆளு:

எங்க தாத்தா வீட்டுல பத்து நாய் இருந்துச்சு, தெர்மாமீட்டரும் கெடையாது பவுடரும் கெடையாது, வைக்கப்போர்ல குட்டி போடும், தானா வளரும். இயற்கைய நம்புங்க. ரொம்ப பண்ணாதீங்க.

நாட்டுநாய்_பிரியன்:

பெரியவரே, உங்க தாத்தா வீட்டுல எட்டு குட்டி போட்டா எத்தன நின்னுச்சுன்னு கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க. வைக்கப்போர் விஷயத்துல நீங்க சொல்றது சரிதான், காஞ்ச வைக்கோல் சூடு, அத யாரும் மறுக்கல. ஐப்பசி அடைமழைல ஈர சாக்குல கெடக்குற குட்டிக்கு அந்த வைக்கப்போர் இல்லையே.

செவலை_வீட்டுக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கருப்ப சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டே சமைச்சேன், மதியத்துக்கு மேல சூடாகி முண்ட ஆரம்பிச்சுருச்சு, பின் காம்புல வெச்சதும் புடிச்சுக்கிச்சு, முன்னங்கால் ரெண்டையும் மடில வெச்சு அமுக்கி அமுக்கி குடிச்சுது. ரூமுக்குள்ள மாத்திட்டேன். செவலை மொத தடவையா கால நீட்டி படுத்துருக்கு. முக்கல் நடுக்கம் ஒண்ணும் இல்ல, வயிறு தொளதொளன்னுதான் இருக்கு. சாயங்காலம் கருப்ப நக்கவும் ஆரம்பிச்சுருச்சு. கரண்ட் போனா என்ன பண்றது, எறும்புக்கு சாக்பீஸ் போடலாமா?

கிரேஸ்_டீச்சர்:

நக்க ஆரம்பிச்சது ரொம்ப நல்ல சேதி, ஏன்னா மூணு வாரம் வரைக்கும் தாய் வயித்த நக்குனாதான் குட்டிக்கு ஒண்ணுக்கு ரெண்டுக்கு போகும். அது நக்காத நேரம் ஈர பஞ்ச வெதுவெதுப்பா நனைச்சு நீ தடவி விட்டாலும் போகும்.

எறும்பு சாக்பீஸ் விஷம், நாய் நக்கிரும், வேண்டாம். பெட்டிய நாலு செங்கல் மேல தூக்கி வெச்சு ஒவ்வொரு செங்கலையும் பழைய தட்டுல கொஞ்சமா தண்ணி ஊத்தி நிக்க வை. செவலை ஏறி எறங்க முன்னாடி ஒரு மணைய போட்டா அதுவும் தண்ணில நிக்கணும், இல்லன்னா எறும்பு அது வழியாவே ஏறும். சிந்துன சோறு பால ஒடனே தொடச்சுரு. எறும்பு மொதல்ல மொய்க்குறது தொப்புள்ளதான், அங்க ஈரம் இருந்தா பீட்டாடின் தொட்டு வை.

ஒரத்தநாடு_வெட்னரி_ஸ்டூடன்ட்:

சூட்டுக்கு பெட்டியோட ஒரு பக்கம் மட்டும் 60 வாட் குண்டு பல்ப் தொங்க விடுங்க, குட்டி படுக்குற எடத்துல 30 டிகிரி செல்சியஸ் சுத்தி இருந்தா போதும், மொத வாரத்துக்கு. ஒரு பக்கம் மட்டும் ஏன்னா சூடு ஜாஸ்தியானா நகந்து போக எடம் வேணும். எல்லாம் குமிஞ்சு கத்துனா குளிர், எல்லாம் தள்ளித்தள்ளி வாய தொறந்து கெடந்தா சூடு, பரவலா படுத்து தூக்கத்துல துள்ளித்துள்ளி அசைஞ்சா சரி. கரண்ட் போனா துண்டுல சுத்துன வெந்நீர் பாட்டில்தான், ஆறுனா மாத்தணும், ஆறுன பாட்டில் குட்டியோட சூட்டயே இழுத்துரும். பெட்டி உள்பக்கம் சுவத்துல இருந்து நாலு விரக்கடை தள்ளி சுத்தி ஒரு கம்பு அடிங்க, தாய் சாஞ்சு படுக்கும்போது குட்டி அந்த சந்துல தப்பிச்சுக்கும்.

தினம் ஒரே நேரத்துல கிச்சன் தராசுல எடை போட்டு எழுதுங்க. மொத நாள் லேசா கொறையலாம், அதுக்கப்பறம் தினம் ஏறணும், பத்து நாள்ல பொறந்த எடைக்கு டபுள் ஆகணும். ஒரு நாள் எடை ஏறலன்னா அன்னைக்கே தெரிஞ்சுரும், பாத்து கண்டுபுடிக்கிறதுக்குள்ள லேட் ஆயிரும். அடையாளத்துக்கு கழுத்துல நூல் கட்டாதீங்க.

செவலை_வீட்டுக்காரி:

மறுபடியும் வந்துட்டேன், ரெண்டு வாரம் ஓடிருச்சு. அஞ்சும் நல்லாருக்கு, கருப்பு இன்னும் சின்னதுதான் ஆனா டபுள் ஆயிருச்சு. கண்ணு தொறக்க ஆரம்பிச்சுருச்சு. இப்ப பக்கத்து வீட்டு அண்ணன் கெடா குட்டி ரெண்டையும் முப்பது நாள்ல குடுத்துரு, அப்பதான் நம்மகிட்ட ஒட்டும்னு சொல்றாரு. பொட்டை மூணையும் யாரும் கேக்கல. பூச்சி மருந்து எப்ப குடுக்கணும்?

நாட்டுநாய்_பிரியன்:

முப்பது நாள்ல குடுக்காதீங்கக்கா. எட்டு வாரம் முடியட்டும். கடிச்சா வலிக்கும்னு கூடப்பொறந்ததுங்ககிட்ட கத்துக்குறதே நாலு வாரத்துக்கு மேலதான், சீக்கிரம் பிரிச்ச குட்டிதான் பின்னாடி கண்ட எடத்துல கடிக்குது. அண்ணன்கிட்ட ஒட்டாம எங்க போயிரும், எட்டு வாரத்துல போனாலும் ஒட்டும். பொட்டைய யாரும் கேக்கலன்னு ராத்திரி மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வர்ற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, அத மட்டும் பண்ண விட்டுராதீங்க. கருத்தடை செலவ பாதி நான் குடுக்குறேன்னு சொல்லி குடுத்தா எடுப்பாங்க, எங்க தெருவுல அப்படித்தான் ரெண்டு போச்சு.

ஒரத்தநாடு_வெட்னரி_ஸ்டூடன்ட்:

பூச்சி மருந்து இப்பவே ஆரம்பிக்கணும். ரெண்டாவது வாரத்துல மொத தடவ, அப்பறம் நாலு, ஆறு, எட்டாவது வாரம், செவலைக்கும் சேத்து. நாக்குப்பூச்சி வயித்துல இருக்கும்போதே குட்டிக்கு வந்துரும், கொக்கிப்புழு பால் வழியா. அளவு எடைய பொறுத்தது, தராசு நோட்ட எடுத்துக்கிட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு போங்க. பார்வோ (குட்டிங்களுக்கு ரத்தமா வயித்தால போற தொத்து நோய்) தடுப்பூசி ஆறுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், வெறிநாய் ஊசி மூணு மாசத்துல. அதுவரைக்கும் தெரு நாய் நடமாடுற மண்ணுல குட்டிய எறக்காதீங்க, வெளிய போட்டுட்டு வர்ற செருப்பும் ரூமுக்குள்ள வேண்டாம். குட்டி பால் மறந்து மடி வத்துன பிறகு செவலைக்கும் கருத்தடை பண்ணிருங்க, அடுத்த பருவம் ஆறேழு மாசத்துல வந்துரும்.