உறைபனியில் சிறு ஆந்தை: மொபைலில் குரல் போட்டு அழைக்கலாமா?

குளிர்கண்:
நீலகிரியில் காட்டேரி ஊர்ப் பக்கம் இன்று காலை 6.40-க்கு எடுத்த படம். வேலிக்கல் முழுக்க வெள்ளையாக உறைபனி, அதன்மேல் காட்டுச் சிறு ஆந்தை. ஃபின்லாந்துக்காரர்கள் பனியில் குட்டி ஆந்தையை எடுத்துப் போடுவதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன் நான். நம் நீலகிரியில் பனிமழை ஏது, உறைபனிதான். கேமராவின் ஒளிமீட்டர் காட்டுகிறபடி எடுத்தால் வெள்ளை சாம்பலாகிவிடும், வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூட்டிக்கொள்ளுங்கள். வேலிக்கு வரவழைக்க மொபைலில் அதன் குரலை 2 தடவை போட்டேன்.

மலைக்காக்கை:
படம் அருமை. கடைசி வரிதான் உறுத்துகிறது. வேறொரு ஆந்தை தன் எல்லைக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்து விரட்ட வந்திருக்கிறது அது. 20 சென்டிமீட்டர் பறவை, ராத்திரி முழுக்கக் குளிரில் இருந்துவிட்டு இரை தேடுகிற நேரம். ஃபின்லாந்துக் குட்டி ஆந்தை எலியைப் பொந்தில் சேர்த்து வைத்துக்கொள்ளும். நம்முடையது பெரும்பாலும் வெட்டுக்கிளி, வண்டு, பல்லி. உறைபனிக் காலையில் அதற்கு எத்தனை அகப்படும்?

குளிர்கண்:
அண்ணா, இரண்டே தடவை! மருந்தடிக்கிற மெஷின் சத்தத்தை விடவா? ஆந்தை அலறினால் சாவு என்று கல் எறிகிற ஊரில் இப்படி ஒரு படம் நல்லதுதானே செய்யும்?

மலைக்காக்கை:
மெஷின் ஆந்தை பாஷை பேசாதே, தம்பி. நீங்கள் 2 தடவை. படத்தைப் பார்த்துவிட்டு வருகிற பத்துப் பேரும் ஆளுக்கு 2 தடவை.

சாம்பல்மேகம்:
1972 வன உயிரினச் சட்டத்தில் இரை வைத்து ஈர்ப்பதே வேட்டை. குரலும் அதில் சேருமா என்று வக்கீல்கள் அடித்துக்கொள்ளட்டும்.

தாகைத்தோட்டம்:
சட்டத்தை விடுங்கள். டிசம்பர், ஜனவரியில் நாற்றுகளைத் தாகை என்கிற காட்டுச் செடியால் மூடிவிட்டு, விடியுமுன் ஸ்பிரிங்ளர் திறக்கப் போகிறவன் நான். குளிர்காற்று பள்ளத்தில்தான் இறங்கித் தேங்கும், வெள்ளையும் அங்கேதான். ஆந்தை இருப்பது மேட்டு மரத்தில். அதனால்தான் இரண்டும் ஒரே படத்தில் சிக்குவதில்லை, உங்களுக்கு மொபைல் தேவைப்படுகிறது. ஆனால் வெயில் விழுந்ததும் எங்கள் பைப் ஒன்றின்மேல் ஒரு ஆந்தை தானாகவே வந்து உட்காரும். ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டு, பந்து மாதிரி உப்பி, கண் பாதி மூடி. கீழே புல் புகைந்துகொண்டிருக்கும். ஜீப்புக்குள்ளேயே இருந்தால் நம்மைச் சட்டை செய்யாது. இறங்கினோமோ, இறகெல்லாம் சட்டென்று ஒட்டி ஒல்லியாகிவிடும். அப்புறம் வெறும் பைப்தான்.

குளிர்கண்:
எந்தத் தோட்டம் சார்? ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

தாகைத்தோட்டம்:
தோட்டத்தின் பெயரை இங்கே சொல்லமாட்டேன். தனிச்செய்தியில் கேளுங்கள். ஜீப் என்னுடையது, மொபைல் வீட்டிலேயே இருக்கட்டும்.