ஹெச்.எஸ்.ஜி.யில் கர்ப்பப்பை ரெண்டா பிரிஞ்சு தெரியுது: அடுத்து 3டி ஸ்கேனா, எம்.ஆர்.ஐ.யா?

கேள்வி (ஏற்காடு):
மனைவிக்கு ரெண்டு முறை கரு கலைஞ்சிருக்கு. ஹெச்.எஸ்.ஜி.ல (கர்ப்பப்பைக்குள்ள டை விட்டு எடுக்கற எக்ஸ்ரே) கருக்குழாய் ரெண்டும் திறந்திருக்கு. ஆனா ரிப்போர்ட்ல “பைகார்னுவேட் / செப்டேட்?”னு போட்டிருக்காங்க. ஒருத்தர் எம்.ஆர்.ஐ.ங்கறாங்க, இன்னொருத்தர் நேரா வயித்துல துளை போட்டுப் பார்க்கற லேப்ராஸ்கோப்பிங்கறாங்க. ஒவ்வொண்ணுக்கும் சேலம் இறங்கணும். எதை முதல்ல எடுக்கறது?

பதில் 1:
கேள்விக்குறி போட்டதே நேர்மையான ரிப்போர்ட்ங்க. ஹெச்.எஸ்.ஜி.ல தெரியறது டை நிரம்பின உள்பக்கம் மட்டும். பைகார்னுவேட்னா கர்ப்பப்பையே மேல ரெண்டு கொம்பா பிரிஞ்சிருக்கறது, செப்டேட்னா உள்ளே நடுச்சுவர் இருக்கறது. ரெண்டு வகையும் உள்ளே ஒரே மாதிரிதான் பிரிஞ்சு தெரியும். வித்தியாசம் கர்ப்பப்பையோட மேல் வெளிச்சுவர்ல. அமெரிக்க முறையில, அது குழியாம, இல்ல 1 செ.மீ.க்குள்ள குழிஞ்சிருந்தா செப்டேட். அதுக்கு மேலன்னா பைகார்னுவேட். ஐரோப்பிய முறையில கணக்கு வேற: பைகார்னுவேட்னு சொல்ல, குழிவு சுவர்த் தடிமன்ல பாதியைத் தாண்டணும். அதனால ரிப்போர்ட்ல பேரை மட்டும் பார்க்காதீங்க, மி.மீ. அளவை எழுதச் சொல்லுங்க. செப்டேட்னா ஹிஸ்டரோஸ்கோப்பில (கர்ப்பப்பை வாய் வழியா கேமரா விட்டு) நடுச்சுவரை வெட்டலாம். பைகார்னுவேட்டை செப்டேட்னு நினைச்சு வெட்டினா கர்ப்பப்பை ஓட்டையாகிடலாம்.

முதல்ல 3டி அல்ட்ராசவுண்ட் போதும். லேப்ராஸ்கோப்பிக்கு அவசரமே இல்ல. ஆனா வயித்து மேல வைக்கற 3டி இதுக்கு ஆகாது, பிறப்புறுப்பு வழியா வைக்கற வஜைனல் புரோப்ல எடுக்கணும். 28 நாள் சுழற்சின்னா 18லிருந்து 24ஆம் நாளுக்குள்ள போங்க. அப்பதான் உள்சவ்வு தடிச்சு, வெளுப்பா, ஓரம் தெளிவா விழும். சிறுநீர் கழிச்சிட்டுப் படுக்கணும். கிளம்பறதுக்கு முன்னாடியே சென்டருக்குப் போன் போட்டு, “வஜைனல் 3டி, கொரோனல் வியூ படத்தோட தருவீங்களா?”னு கேளுங்க (கர்ப்பப்பையை முன்னாடி இருந்து பார்க்கற மாதிரி படம், அதுலதான் மேல் வெளிச்சுவர் தெரியும்). இல்லைன்னா மலை இறங்கறது வீண்.

பதில் 2:
எம்.ஆர்.ஐ. எப்போன்னா: 3டி தெளிவில்லாதப்ப, ஒத்தைக் கொம்பு கர்ப்பப்பையில (ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தது) ஒட்டின சின்னக் கொம்பு இருக்கோன்னு சந்தேகம் வந்தா, பிறப்புறுப்புலயும் தடுப்பு இருந்தா. சாதாரண இடுப்பு எம்.ஆர்.ஐ.னு எழுதி அனுப்பினா வெளிச்சுவர் சரியா விழாம போகும். கர்ப்பப்பை சாஞ்சிருக்கிற கோணத்துக்கே டி2 படம் (எம்.ஆர்.ஐ.ல ஒரு வகைப் படம்) எடுக்கச் சொல்லி டாக்டர் சீட்டுல எழுதணும்.

இன்னொண்ணு: எந்த ஸ்கேன் எடுத்தாலும், அன்னைக்கே ரெண்டு கிட்னியையும் பார்க்கச் சொல்லிடுங்க. இந்தப் பிறவிக் கோளாறுகளோட, முக்கியமா ஒத்தைக் கொம்புல, ஒரு கிட்னி இல்லாமயே இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
சலைன் ஸ்கேன்னும் ஒருத்தர் சொன்னாங்களே?

பதில் 1:
அது கர்ப்பப்பைக்குள்ள உப்புநீர் விட்டு எடுக்கற ஸ்கேன். பாலிப் (சின்னச் சதை வளர்ச்சி), ஒட்டல் பார்க்க நல்லது. சில மி.லி. சலைன்தான் விடுவாங்க. மாதவிலக்கு நின்ன உடனே எடுக்கறது, நீங்க போற நாள்ல ஆகாது. 3டில வெளிச்சுவர் தெரிஞ்சுட்டா இப்ப அது வேண்டாம். ஹெச்.எஸ்.ஜி. ரிப்போர்ட்டோட ஃபிலிமையும் எடுத்துட்டுப் போங்க.