கப்ளிங் ஏஜென்ட்: 'ஒட்டுப்பசை' வேண்டாமே

வணக்கம்.

கூட்டுப்பொருள் (இழைகளைப் பிசினில் பதித்துச் செய்யும் பொருள்) பற்றிய கலைச்சொற்களில், இழையையும் பிசினையும் இணைக்கும் வேதிப்பொருளான கப்ளிங் ஏஜென்ட்டுக்கு (coupling agent) 'ஒட்டுப்பசை' என்ற தமிழ்ச்சொல் பரிந்துரையைப் பார்த்தேன். எனக்கு உடன்பாடில்லை. கூட்டுப்பொருளில் இழைகளைச் சூழ்ந்து பிடித்துக்கொள்வது பிசின். இதையும் பசை என்றால் படிப்பவர் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுவார்.

கப்ளிங் ஏஜென்ட்டாகப் பயன்படும் சிலேன் என்ற சிலிக்கன் சேர்மத்தின் மூலக்கூறைப் பாருங்கள். ஒரு முனை நீரோடு வினைபுரிந்து 'சிலனால்' (silanol) என்ற தொகுதியாக மாறி, கண்ணாடி இழையின் மேலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பிடித்துக்கொள்கிறது. மறுமுனையில் அமினோ தொகுதி இருந்தால் எப்பாக்சி பிசினோடு சேரும். பாலியெஸ்டர் பிசின் என்றால் மெத்தக்ரைலேட் முனை உள்ளதைத் தேர்ந்தெடுப்பார்கள். கண்ணாடிக்கு ஒரு கை, பிசினுக்கு ஒரு கை. ஆகவே 'இருபுறப் பிணைப்பி' என்கிறேன். வேதிப்பிணைப்பு ஏற்கெனவே புழங்கும் சொல், வினையூக்கி போல இகர ஈறும் பொருந்துகிறது.

முறிந்த மாதிரியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். பிணைப்பு மோசமென்றால் இழைகள் வழவழவென்று வெறுமையாக நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் இழை உருவிப்போன துளைகள். நல்ல பிணைப்பில் இழைமேல் பிசின் துணுக்குகள் அப்பிக்கிடக்கும்.

அப்புறம் 'சைசிங்' (sizing), அதாவது இழைமேல் பூசுவது. நெசவில் பாவுக்குக் (நெடுக்கு நூலுக்கு) கஞ்சி போடுவதற்கும் இதே சொல்தான் என்பதால் 'கஞ்சியிடல்' என்று ஒருவர் கேட்டிருந்தார். அழகான சொல், விட மனமில்லை. ஆனால் நெய்து முடித்ததும் துணியிலிருந்து கஞ்சியை நீக்கிவிடுவார்கள். கூட்டுப்பொருளில் இந்தப் பூச்சு பெரும்பாலும் பிசினுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் 'இழைப்பூச்சு' போதும். படலம் உண்டாக்கும் பொருள், உராய்வு குறைக்கும் பொருள், பிணைப்பி எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பூச்சு. எனவே பூச்சுக்கும் பிணைப்பிக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும்.

சர்ஃபேஸ் ட்ரீட்மென்ட்டுக்கு (surface treatment) 'மேற்பரப்புச் சீராக்கம்' என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. சீராக்கம் என்றால் மேடுபள்ளம் போக்குவது என்றல்லவா தோன்றும்? சணல் இழையைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் மெழுகும் ஹெமிசெல்லுலோசும் நீங்கி மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. பிசின் பற்றிக்கொள்ள அந்தச் சொரசொரப்பு தேவை. கார்பன் இழையை மின்வேதி முறையில் ஆக்சிஜனேற்றம் செய்வதிலும் மழமழப்பாக்கும் நோக்கம் இல்லை. ஆக்சிஜன் கொண்ட தொகுதிகளை மேலே உண்டாக்கவே செய்கிறார்கள். தோலுக்குச் சொல்லும் 'பதனிடல்' இரண்டுக்கும் பொருந்தும்: அடுத்த வேலைக்கு ஏற்றபடி பொருளைப் பக்குவப்படுத்துவது.

'மேற்பரப்புப் பதனிடல்' கொஞ்சம் நீளம்தான். 'பரப்புப் பதனிடல்' என்று குறுக்கினால் பரப்பளவோடு குழம்பும். 'மேற்பதனிடல்' சரி வருமா? சொல்லுங்கள்.