மெயில் ஃபில்டர், ஃபார்வர்டு ரூல்: எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது?

நீலக்கல்:
ரெண்டு கணக்கு இருக்கு. ஒன்று ஜிமெயில், இன்னொன்று மைக்ரோசாஃப்ட் 365-இல் உள்ள அவுட்லுக். ரெண்டிலும் தேவை ஒன்றுதான். பில், இன்வாய்ஸ் பிடிஎஃப் வந்தால் கணக்கு பார்ப்பவரின் முகவரிக்கு ஒரு நகல் போகணும். செய்திமடல்கள் இன்பாக்ஸில் நிற்காமல் தனியே ஒதுங்கணும். மேலாளர் அனுப்புவது எதுவானாலும் இன்பாக்ஸிலேயே இருக்கணும்.

ஜிமெயிலில் "இன்வாய்ஸ்" என்ற சொல் இருக்கிற விளம்பர மெயிலும் கணக்கு பார்ப்பவருக்குப் போய்விடுகிறது. ஃபில்டரை மேலே கீழே நகர்த்தலாம் என்றால் அதற்கு வழியே காணோம். அவுட்லுக்கில் நேர் எதிர்: சில பில்கள் செய்திமடல் ஃபோல்டருக்குப் போய்விடுகின்றன, ஃபார்வர்டு ஆவதே இல்லை. எந்த வரிசையில் போடணும்?

தறி:
நகர்த்த வழி இல்லாததற்குக் காரணம், ஜிமெயிலில் வரிசை என்பதே கிடையாது. மெயில் வந்ததும் எல்லா ஃபில்டரும் ஓடும். பொருந்துகிற ஒவ்வொன்றின் செயலும் நடக்கும். ஒன்று டிலீட் செய்யச் சொல்லி இன்னொன்று ஃபார்வர்டு செய்யச் சொன்னால், மெயில் ஃபார்வர்டும் ஆகும், ட்ராஷுக்கும் போகும். "இது பொருந்தினால் மற்றதைப் பார்க்காதே" என்று சொல்ல இடமில்லை. அதனால் விலக்கு எதுவானாலும் ஃபில்டரின் நிபந்தனைக்குள்ளேயே எழுத வேண்டும்.

முதலில் ஃபார்வர்டு முகவரியைப் பதிவு செய்யுங்கள். செட்டிங்ஸில் "ஃபார்வர்டிங் அண்ட் பாப்/ஐமேப்" பக்கத்தில் முகவரியைச் சேர்த்தால், அந்த முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் மெயில் போகும். அவர் இணைப்பை அழுத்த வேண்டும், அல்லது அதிலுள்ள குறியீட்டை உங்களிடம் சொல்ல வேண்டும். முடிந்ததும் அதே பக்கத்தில் "டிஸேபிள் ஃபார்வர்டிங்" என்பதையே தேர்வில் விட்டுவிடுங்கள். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: அங்கே ஃபார்வர்டை இயக்கினால் ஸ்பாம் தவிர வருகிற மெயில் அத்தனையும் போகும். ஃபில்டர் வழியாகப் போகும் ஃபார்வர்டுக்கு அந்தப் பொத்தான் தேவையே இல்லை.

பிறகு பில் ஃபில்டர். சொல்லை வைத்துப் பிடிக்காதீர்கள், அனுப்புநரை வைத்துப் பிடியுங்கள். "ஃப்ரம்" பெட்டியில் பில் அனுப்பும் முகவரிகளை நடுவில் பெரிய எழுத்து "ஆர்" போட்டு அடுக்குங்கள். "ஹேஸ் தி வேர்ட்ஸ்" பெட்டியில் ஃபைல்நேம், முக்காற்புள்ளி, பிடிஎஃப் என்று இடைவெளி விடாமல் எழுதுங்கள். சொல்லை நம்பினால் ரெண்டு பக்கமும் அடி விழும். விளம்பரமும் அதே சொல்லோடு வரும்; ஜிமெயில் முழுச் சொல்லாகத்தான் தேடும் என்பதால் "பில்" என்று கொடுத்தால் "பில்லிங்" என்ற தலைப்பு சிக்காமல் போகும்.

"அன்சப்ஸ்கிரைப்" என்ற சொல் இருந்தால் விலக்கு என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். உண்மையான பில் மெயில்கள் பலவற்றின் அடியிலும் அந்த இணைப்பு இருக்கிறது.

செயல்களில் மூன்றை டிக் செய்யுங்கள்: ஃபார்வர்டு, லேபிள், "நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்". மூன்றாவது முக்கியம். ஸ்பாமில் விழுந்த மெயில் ஃபார்வர்டு ஆகாது. "சில நாள் போகிறது, சில நாள் போகவில்லை" என்ற புகார் வந்தால் முதலில் ஸ்பாம் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.

மேலாளர் விஷயம்: செய்திமடல் ஃபில்டரின் "டஸ்ன்ட் ஹேவ்" பெட்டியில் ஃப்ரம், முக்காற்புள்ளி, அவர் முகவரி. அவ்வளவுதான்.

மின்வழி:
அவுட்லுக்குக்கு நான் சொல்கிறேன். இங்கே வரிசைதான் எல்லாம். ரூல்கள் மேலிருந்து கீழே ஓடும். எந்த ரூலில் "ஸ்டாப் ப்ராசஸிங் மோர் ரூல்ஸ்" இருக்கிறதோ, அது பொருந்திய மெயிலுக்கு அங்கேயே கதை முடிந்தது. ஃபோல்டருக்கு நகர்த்தும் ரூலை விஸார்டில் உருவாக்கும்போது இந்த டிக் பெரும்பாலும் தானாகவே விழுந்திருக்கும். உங்கள் செய்திமடல் ரூல் மேலே இருக்கிறது, அந்த டிக்கும் இருக்கிறது; பில் ரூலுக்கு மெயில் போய்ச் சேருவதே இல்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு இதுதான் பொருந்துகிறது.

டிக்கை மட்டும் எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒரே மெயிலை ரெண்டு ரூல் ரெண்டு ஃபோல்டருக்கு நகர்த்தினால், ரெண்டு ஃபோல்டரிலும் ஆளுக்கொரு பிரதி நிற்கும். இப்படி வையுங்கள்:

1. மேலாளரிடமிருந்து வந்தால்: ஒரு கேட்டகிரி போடு, ஸ்டாப்.
2. பில் அனுப்புநர்கள், அதோடு இணைப்பு இருந்தால்: ஃபார்வர்டு செய், பில் ஃபோல்டருக்கு நகர்த்து, ஸ்டாப்.
3. செய்திமடல்: நகர்த்து, ஸ்டாப்.

குறுகலான நிபந்தனை மேலே, அகலமானது கீழே. இன்னொன்றும் கவனியுங்கள்: ஒரே ரூலில் ரெண்டு தனி நிபந்தனை வைத்தால் ரெண்டும் பொருந்த வேண்டும், ஒரே நிபந்தனைக்குள் பல முகவரிகளைக் கொடுத்தால் ஏதாவது ஒன்று போதும்.

பழைய (கிளாசிக்) டெஸ்க்டாப் அவுட்லுக்கில் ஒரு பொறி உண்டு. ரூல் பெயருக்குப் பக்கத்தில் "கிளையன்ட்-ஒன்லி" என்று வந்தால், அந்த ரூல் உங்கள் கணினியில் அவுட்லுக் திறந்திருக்கும்போது மட்டுமே ஓடும். ஒலி எழுப்பு, பிரிண்ட் எடு, பிஎஸ்டி (உங்கள் கணினியிலேயே இருக்கும் மெயில் கோப்பு) ஃபோல்டருக்கு நகர்த்து என்ற செயல்களில் ஒன்றைச் சேர்த்தாலே ரூல் அப்படி மாறிவிடும். பட்டியலில் அதை எவ்வளவு மேலே வைத்தாலும் சர்வர் ரூல்கள் முடிந்த பிறகுதான் அதன் முறை வரும். ஃபார்வர்டு செய்யும் ரூலில் இந்தச் செயல்களைக் கலக்கவே கலக்காதீர்கள்.

கல்வெட்டு:
சொந்த டொமைனில் சீவ் (மெயில் சர்வரில் ஃபில்டர் எழுதும் மொழி) ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்காக ஒரு குறிப்பு, கேள்விக்குச் சற்று வெளியே. சீவ் மேலிருந்து கீழே ஓடும், ஆனால் ஒரு "இஃப்" பொருந்தியது என்பதற்காக நிற்காது. "ஸ்டாப்" எழுதினால்தான் நிற்கும், அல்லது அடுத்ததை "எல்ஸ்இஃப்" ஆக்க வேண்டும். "ரீடைரக்ட்" மட்டும் எழுதினால் உங்கள் பெட்டியில் நகல் தங்காது. நகல் வேண்டுமென்றால் "காப்பி" நீட்டிப்பை மேலே ரிக்வயர் வரியில் சேர்த்து, ரீடைரக்டோடு அதையும் கொடுக்க வேண்டும். "மெயில் காணாமல் போச்சு" என்று வருகிறவர்களில் பலர் தவறவிடுவது இந்த ஒரு சொல்லைத்தான்.

நீலக்கல்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வரிசையை மாற்றியதும் அவுட்லுக்கில் பில் சரியான ஃபோல்டருக்குப் போகுது. ஆனால் ஃபார்வர்டு செய்தது அவருக்குப் போகாமல் 5.7.520 என்ற எண்ணோடு திரும்பி வருது. ஜிமெயிலில் வேறு சிக்கல்: கணக்கு பார்ப்பவர் அவருடைய ஜிமெயிலிலிருந்தே ஒரு பிடிஎஃப் அனுப்பி சோதித்தார் (அவர் முகவரியையும் ஃப்ரம் பெட்டியில் சேர்த்திருந்தேன்). என் பக்கம் லேபிள் விழுந்திருக்கு, அவர் இன்பாக்ஸில் எதுவும் வரலை.

மின்வழி:
5.7.520 உங்கள் ரூலின் பிழை இல்லை. நிறுவனத்துக்கு வெளியே தானாக ஃபார்வர்டு செய்வதை மைக்ரோசாஃப்ட் 365 இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது. அவுட்பவுண்ட் ஸ்பாம் கொள்கையில் (வெளியே போகும் மெயிலுக்கான விதிகள்) நிர்வாகி அனுமதித்தால்தான் போகும். எல்லோருக்குமாகத் திறக்கச் சொல்லாதீர்கள். உங்கள் ஒரு பெட்டிக்கு மட்டும் தனிக் கொள்கை கேளுங்கள். திருடிய கடவுச்சொல்லோடு உள்ளே வருகிறவர்கள் ஓசையில்லாமல் ஒரு ஃபார்வர்டு ரூல் போட்டுவிட்டுப் போவது வழக்கமான தந்திரம். அந்தத் தடை அதற்காகத்தான்.

தறி:
ஜிமெயில் ஃபில்டரில் தவறு எதுவும் இல்லை, சோதித்த முறைதான் சரியில்லை. ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு மெசேஜ் ஐடி உண்டு. ஜிமெயில் தானாக ஃபார்வர்டு செய்யும்போது அது மாறாது. அவர் அனுப்பிய மெயில் அவருடைய செண்ட் ஃபோல்டரில் ஏற்கெனவே இருக்கிறது. அதே ஐடியோடு திரும்பி வருவதை ஜிமெயில் இரட்டைப் பிரதி என்று எடுத்துக்கொண்டு இன்பாக்ஸில் காட்டாது. உங்கள் கணக்கும் இல்லாமல் அவர் கணக்கும் இல்லாமல் மூன்றாவது ஒரு கணக்கிலிருந்து அனுப்பிப் பாருங்கள். அதன் முகவரியைத் தற்காலிகமாக ஃப்ரம் பெட்டியில் சேர்த்து, சோதித்ததும் எடுத்துவிடலாம். பழைய மெயில்களை வைத்தும் சோதிக்க முடியாது. ஃபார்வர்டு புதிதாக வருவதற்கு மட்டும்தான்.

ஜிமெயில் ஃபில்டர் அனுப்பும் நகலில் ஃப்ரம் வரியில் பில் அனுப்பியவரே இருப்பார், நீங்கள் இருக்க மாட்டீர்கள். கணக்கு பார்ப்பவர் ரிப்ளை அழுத்தினால் பதில் அந்த நிறுவனத்துக்குப் போகும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவுட்லுக்கில் இதற்கு ரெண்டு வழி உண்டு: "ஃபார்வர்டு" என்றால் உங்கள் பெயரில் போகும், "ரீடைரக்ட்" என்றால் மூல அனுப்புநர் பெயரில் போகும். கணக்கு பார்ப்பவருக்கு ஃபார்வர்டுதான் சரி.

நீலக்கல்:
மூன்றாவது கணக்கிலிருந்து அனுப்பியது வந்துவிட்டது. கடைசியா ஒன்று. ஜிமெயிலுக்கு வருவதை அவுட்லுக்குக்கும், அவுட்லுக்குக்கு வருவதை ஜிமெயிலுக்கும் அனுப்பி வைத்தால் எங்கே திறந்தாலும் எல்லாம் இருக்குமே?

கல்வெட்டு:
செய்யாதீர்கள். ஒரே மெயில் ரெண்டுக்கும் நடுவில் சுற்ற ஆரம்பிக்கும். கடக்கும் ஒவ்வொரு சர்வரும் "என் வழியாக வந்தது" என்று குறிக்கும் ஒரு ரிசீவ்ட் வரியை மெயிலில் சேர்க்கும். எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் மைக்ரோசாஃப்ட் 365-இன் எக்ஸ்சேஞ்ச் சர்வர் 5.4.14 என்று சொல்லித் திருப்பும். சில சேவைகள் சுழற்சியை முதல் சுற்றிலேயே பிடித்துவிடும், ஆனால் அதை நம்பி ரூல் எழுதக் கூடாது.

ஒரு திசையில் மட்டும் அனுப்பினாலும் விலை உண்டு. எஸ்பிஎஃப் என்பது எந்தெந்த சர்வர் ஒரு டொமைன் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல். நடுவில் நிற்கும் உங்கள் சர்வர் அதில் இருக்காது. மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிகிம் கையெழுத்து மட்டுமே மிஞ்சும். வழியில் தலைப்பில் "வெளி மெயில்" என்பது போல ஏதாவது ஒட்டினால், அல்லது அடியில் ஒரு பொறுப்புத்துறப்பு சேர்த்தால், அதுவும் உடைந்து மெயில் ஸ்பாமுக்குப் போகலாம். ரெண்டு கணக்கையும் ஒரே இடத்தில் பார்க்கணும் என்றால் ஃபார்வர்டே வேண்டாம். ஃபோனிலோ தண்டர்பேர்டு என்ற மெயில் செயலியிலோ ரெண்டையும் தனித்தனிக் கணக்காகச் சேர்த்து, ஒருங்கிணைந்த இன்பாக்ஸில் திறந்துகொள்ளுங்கள். கணக்கு பார்ப்பவருக்கான அந்த ஒரு ரூல் மட்டும் இருக்கட்டும்.