பழைய மடக்குக் கத்திகள்: மெருகு ஏற்றலாமா, அப்படியே விடலாமா?

துருநேசன்:
ஒரு பெட்டி நிறையப் பழைய மடக்குக் கத்திகள் மொத்தமாகக் கையில் கிடைத்திருக்கின்றன. நான்கைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

ஒன்று, எலும்புப் பிடி போட்ட இரட்டை அலகுக் கத்தி. அலகின் அடியில் ஒரு நட்சத்திரம், ஒரு சிலுவை, அப்புறம் ஜோசப் ராட்ஜர்ஸ், ஷெஃபீல்ட் என்ற எழுத்து, இங்கிலாந்துக் கத்திக் கம்பெனி. பெரிய அலகு கறுத்துக் கிடக்கிறது, நகம் வைத்து இழுக்கும் பள்ளத்தைச் சுற்றிச் செந்துரு. சின்ன அலகு திறக்கவே மறுக்கிறது. இரண்டாவது கேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியுடையது, பெயருக்குக் கீழே ஏழு புள்ளிகள். மூன்றாவது ஓபினெல் என்ற பிரெஞ்சுக் கத்தி, திறந்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு வளையம் தொலைந்துபோயிருக்கிறது. நான்காவதில் பெயரே இல்லை. தேன் நிறப் பிடி, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பெட்டியைத் திறந்தாலே கற்பூர வாசனை அடிக்கிறது.

என்னிடம் பஃபிங் சக்கரம், அதாவது மெருகேற்றும் மின்சக்கரம் இருக்கிறது. நான்கையும் முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பாக்கி வைக்க ஆசை. செய்யலாமா?

சாணைக்கல்:
முதலில் அந்தச் சக்கரத்தின் பிளக்கைக் கழற்றுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

அதைவிட அவசரம் உங்கள் தேன் நிறக் கத்தி. கற்பூர வாசனை வருகிறது என்றால் பிடி பெரும்பாலும் செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். அதைச் செய்யும்போதே கற்பூரம் சேர்ப்பார்கள். வயதாகும்போது அது சிதைந்து அமில ஆவியை விடும், பக்கத்தில் இருக்கிற கத்திகளின் அலகையும் அரிக்கும். அழகாக இருக்கிறதே என்று நடுவில் வைத்து மூடினால் மொத்தப் பெட்டியும் வீண். இன்றைக்கே தனியாக எடுத்து, காற்றாடும் இடத்தில் வையுங்கள். நெருப்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், சட்டென்று பற்றிக்கொள்ளும் பொருள் அது. சக்கரத்தின் சூடும் அதற்கு ஆகாது.

சக்கரத்தை ஏன் வேண்டாம் என்கிறேன்? பழைய அலகுகள் பெரும்பாலும் கார்பன் எஃகு. கடினமாக்கிய பிறகு சுமார் 200 டிகிரி செல்சியஸில் சூடாக்கிப் பதப்படுத்தியிருப்பார்கள். மெல்லிய விளிம்பைச் சக்கரத்தில் கொஞ்சம் அழுத்தினாலே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். விளிம்பு நீலம் பாய்ந்தால் 300 டிகிரி பக்கம் போய்விட்டது, கடினம் போயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. சூடேறாமல் செய்தாலும் கூர்மையான மூலைகள் மழுங்கும், முத்திரை தேய்ந்து மறையும். கத்தி யாருடையது, எப்போதையது என்று சொல்வதே அந்த முத்திரைதான்.

உங்கள் கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் அந்தக் கம்பெனி பெயருக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்தது, பிறகு வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்தது. ஏழு புள்ளி என்றால் 1973. ஆனால் 1980இல் மறுபடி பத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அப்போது பெயரில் வரும் ‘எஸ்’ எழுத்தை மின்னல் கீற்று மாதிரி கோணலாக்கினார்கள். உங்களுடையது வளைந்த ‘எஸ்’ஸா, கோணல் ‘எஸ்’ஸா என்று பாருங்கள், பத்து வருட வித்தியாசம். இதையெல்லாம் தேய்த்துவிட்டு அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

ராட்ஜர்ஸுக்கு வருவோம். கறுப்பு வேறு, செந்துரு வேறு. சாம்பலும் கறுப்புமாகப் படிந்திருப்பது எஃகின் மேல் நின்றுவிட்ட படலம், அது மேலே மேலே தின்னாது. செந்துரு தின்னும். ஆகவே சிவப்பை எடுங்கள், கறுப்பை விடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் தடவி ஊறவிட்டு, பித்தளைத் துண்டின் விளிம்பால் சுரண்டினால் துரு வரும், எஃகில் கீறல் விழாது. பித்தளை எஃகைவிட மிருதுவானது. உப்புத்தாள் வேண்டாம். வினிகரும் வேண்டாம், அது துருவோடு நல்ல எஃகையும் கடிக்கும்.

திறக்காத அலகைக் குறட்டால் இழுக்காதீர்கள். ஆணி இருக்கும் இடத்தில் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள், கொஞ்சம் அசைந்தால் மறுபடி எண்ணெய். தண்ணீரில் மட்டும் ஊறப்போட வேண்டாம், எலும்பு வெடிக்கும்.

வெட்டும்வரை:
சாணைக்கல் சொல்வதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கத்தி வெட்டுவதற்குத்தானே? பெயரில்லாத, பிடி உடைந்த, பாதி அலகு ஏற்கெனவே தீட்டித் தேய்ந்துபோன கத்திகள் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அவற்றைப் புதுப் பிடி போட்டு, தீட்டி, தினமும் பயன்படுத்துவதில் என்ன கெட்டுப்போகிறது? புதிய விக்டோரினாக்ஸ் (சுவிஸ்) கத்திகளில் பிளாஸ்டிக் பக்கங்கள் ஆணித் தலைகளில் அழுத்திப் பொருத்தியவைதான். கீறல் விழுந்தால் மாற்றிக்கொள்ளலாம், அதற்கெல்லாம் அழ வேண்டியதில்லை.

ஓபினெல் வளையம் ‘தொலைந்தது’ என்று எப்படித் தெரியும்? அந்தப் பூட்டு வளையம் 1955இல்தான் வந்தது. அதற்கு முந்திய கத்தியில் அது கிடையவே கிடையாது. ஆறாம் நம்பருக்குக் கீழே உள்ள சின்ன அளவுகளில் இன்றைக்கும் வளையம் இல்லை. அலகில் நம்பர் இருக்கிறதா பாருங்கள். இல்லாத ஒன்றை வாங்கி மாட்டி ‘சரிசெய்தேன்’ என்று சொல்லாதீர்கள்.

சாணைக்கல்:
பெயரில்லாத தேய்ந்த கத்தி என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. தேய்ந்துபோன அலகைத் திரும்ப அகலமாக்க முடியாது என்பதால் அங்கே இழக்க ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும்: பிடியையோ அலகையோ மாற்றினால், விற்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள்.

துருநேசன்:
ஓபினெல் எட்டாம் நம்பர். பிடியின் கழுத்தில் இரும்பு வளையம் அசையாமல் இருக்கிறது, அதன் மேல் வேறு வளையம் ஓடிய தடம் எதுவும் இல்லை. அப்படியானால் 1955க்கு முந்தியதோ? கேஸில் வளைந்த ‘எஸ்’. ராட்ஜர்ஸின் சின்ன அலகு எண்ணெய் குடித்துக் குடித்து முக்கால்வாசி வந்துவிட்டது. ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் ‘இங்கிலாந்து’ என்ற சொல் இல்லை. அது எதையாவது சொல்கிறதா?

சாணைக்கல்:
ஓபினெலுக்கு அப்படித்தான் தோன்றுகிறது, அதைத் தொடவே வேண்டாம். கேஸ் 1973.

‘இங்கிலாந்து’ விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டப்படி, 1891இலிருந்து அங்கே இறக்குமதியாகும் சாமான்களில் எந்த நாட்டில் செய்தது என்று பொறிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சொல் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. இல்லை என்பதால் முந்தியது என்று ஆகிவிடாது, உள்நாட்டில் விற்றதில் பொறிக்க வேண்டிய கட்டாயம் இல்லையே. அலகில் கிரீடமும் அதன் இருபக்கம் ‘வி’, ‘ஆர்’ எழுத்துகளும் தெரிகின்றனவா? அது விக்டோரியா ராணியின் குறி, இருந்தால் கொஞ்சம் தைரியமாகப் பேசலாம்.

சமையல் எண்ணெய் மட்டும் தடவிவிடாதீர்கள், நாளாக ஆகப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தோல் உறைக்குள்ளும் போட்டு வைக்க வேண்டாம், தோல் ஈரம் பிடிக்கும். தோலைப் பதனிட்ட சரக்கும் அலகைக் கெடுக்கும். சின்ன அலகு முழுசாகத் திறந்ததும் அதன் அடியில் உள்ள முத்திரையைப் படம் எடுத்துப் போடுங்கள், பெரிய அலகில் மங்கியிருப்பது அங்கே தெளிவாக இருக்கலாம்.