புதுப்பிப்பு: இரவு ஓட்டமும் தூக்கத்தில் இறங்காத நாடித்துடிப்பும்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கிருஷ்ணகிரி அணை ரோட்டில் இரவு 9 மணிக்கு ஓடிவிட்டு 11 மணிக்குப் படுத்தால், விடியும்வரை வாட்ச்சில் துடிப்பு 64-க்குக் கீழே இறங்குவதில்லை, ஓடாத நாளில் 55. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, 'படுக்கப் போவதற்கு 4 மணி நேரம் முன்பே ஓட்டத்தை முடியுங்கள்' என்ற யோசனைதான். மாலை 6 மணிக்கு மாற்றினேன். நாலாவது ராத்திரியே 57. கடும் ஓட்டம் பரிவு நரம்புகளை (இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் நரம்புகள்) முடுக்கிவிடுகிறது, உடல் சூடும் ஏறுகிறது. இரண்டும் அடங்குமுன் படுத்தால் இதயத்துக்கு ஏது ஓய்வு? யோசனைகளில் வந்த மெக்னீசியம் மாத்திரையால் எனக்கு ஒரு மாற்றமும் இல்லை.

எதிர்பாராதது ஒன்று: ஒருநாள் 6 மணிக்கே ஓடியும் மறுபடி 63. அன்று ராத்திரி 10 மணிக்குப் பிரியாணி! அப்புறம், ஷிப்ட் முடிந்து வரத் தாமதமானால் இப்போது அரை மணி நேரம் மெதுவாக நடப்பதோடு சரி. அதனால் தூக்கத்தில் துடிப்பு ஏறவில்லை.