‘ஆலமரத்து வீடு’ வாட்ஸ்அப் குழு, இரவு 9:10

கயல்: பெரியப்பா, நாளைக்கு காலேஜில் செமினார். இன்றைய நாவல்களில் கிழக்கும் மேற்கும். ‘என் பெயர் சிவப்பு’ உங்களிடம் இருக்கிறதா?

பெரியப்பா: ஓரான் பாமுக். துருக்கியில் 1998. தமிழில் ஜி. குப்புசாமி. என்னிடம் இருந்தது.

சுந்தர் சித்தப்பா: நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெரியப்பா: உன் பெயரை நான் சொல்லவே இல்லையே.

செல்வி அத்தை: அப்பா திதிக்குப் படம் பெரிதாக்கி வந்துவிட்டது. பாருங்கள் (படம்)

கயல்: கதையையாவது சொல்லுங்கள் பெரியப்பா

பெரியப்பா: 1591, இஸ்தான்புல். வெனிஸ் பாணியில் தன் உருவமும் வருகிற மாதிரி ஒரு புத்தகம் தயாரிக்க சுல்தான் ரகசியமாகச் சொல்கிறார். பழைய ஓவியர்களுக்கு அது பாவம். கண்ணெதிரே நிற்கும் குதிரையை அவர்கள் வரைவதில்லை, அல்லா பார்க்கிற குதிரையைத்தான் வரைவார்கள். முகமெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பெயர் எழுதினால்தான் ஆள் தெரியும். இந்தத் தகராறில் கொலையே விழுகிறது. முதல் அத்தியாயத்தில் பேசுவது கிணற்றில் கிடக்கும் பிணம்.

செல்வி அத்தை: திதி வாரத்தில் பிணம் எதற்கு அண்ணே

மீனா சித்தி: மாமா படத்தில் இளமையாக இருக்கிறார்

செல்வி அத்தை: கன்னத்து மரு எங்கே?

சுந்தர் சித்தப்பா: ஸ்டுடியோவில் எடுத்துவிட்டார்கள். நன்றாகத்தானே இருக்கிறது

கயல்: காதல் உண்டா?

பெரியப்பா: உண்டு. கருப்பு என்பவன் தாயின் சகோதரி மகளைக் காதலிக்கிறான்.

மீனா சித்தி: ஐயோ, தங்கை முறை!

பெரியப்பா: அங்கே கட்டலாம்.

மீனா சித்தி: இங்கே அத்தை மகனைக் கேட்டதற்கே ஒரு வருஷம் பேச்சில்லை

செல்வி அத்தை: அது இப்போது எதற்கு அண்ணி

கயல்: அமெரிக்கா வருகிற நாவல் ஒன்று?

பெரியப்பா: மோசின் ஹமீத், ‘தி ரிலக்டன்ட் ஃபண்டமென்டலிஸ்ட்’, 2007. லாகூரில் ஒரு பாகிஸ்தானி ஓர் அமெரிக்கனோடு உட்கார்ந்து கடைசி வரை பேசிக்கொண்டே இருப்பான். அமெரிக்கன் சொல்வது ஒரு வார்த்தைகூட நேரடியாக நம் காதில் விழாது. இத்தனை காலம் அவர்கள் பேசினார்கள், நாம் கேட்டோம். இதில் தலைகீழ். அதை விட்டுவிடாதே.

சுந்தர் சித்தப்பா: நம் குழு மாதிரியே

செல்வி அத்தை: மரு இல்லாமல் அது அப்பா இல்லை. திருப்பிக் கொடுங்கள்

சுந்தர் சித்தப்பா: கீழே பெயர் போடத்தானே போகிறோம்

கயல்: சித்தப்பா பழைய ஓவியர் கட்சி 😂

மீனா சித்தி: கயல், எங்கள் பீரோ மேலே ஒரு தடிப் புத்தகம், முதல் பக்கத்தில் பெரியப்பா கையெழுத்து. அதுவா பார்

சுந்தர் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: படித்துவிட்டேன்.

செல்வி அத்தை: ஸ்டுடியோவுக்கு யார் போவது?